பாம்பு வருடத்துச் சிவப்பு மேஸ்

"நீங்கள் பாம்பு" என்று யோகா ரீச்சர் என் முகத்துக்கு நேரே சொன்னபோது மண்டபத்தில் இருந்தவர்கள் எல்லாரும் கை தட்டினார்கள். நான் மட்டும் தட்டவில்லை.

குரோய்டனில் ட்ராம் நிற்கும் இடத்துக்குப் பின்னால் ஒரு நூலகம், அந்த நூலகத்துக்குப் பின்னால் ஒரு மண்டபம். சனிக்கிழமை காலையில் அங்கே ஐம்பது கடந்த பெண்களுக்கு யோகா வகுப்பு நடக்கும். ரீச்சர் பினாங்கில் பிறந்த சீனப் பெண். அங்கே பக்கத்து வீட்டுத் தமிழ்க் குடும்பத்திடமிருந்து "வாங்க, உட்காருங்க" என்பதையும் "ஓம் நமசிவாய" என்பதையும் கற்றுக்கொண்டு வந்தவர். மிச்சமெல்லாம் இங்கிலீஷ்தான். சீனப் புத்தாண்டு நெருங்கிய தை மாதத்தில் அவருக்கு ஒரு யோசனை உதித்தது. சீனர்களுக்குப் பன்னிரண்டு வருடத்துக்கும் பன்னிரண்டு விலங்குகள் இருக்கின்றனவே, கிழமைக்கு, அதாவது வாரத்துக்கு, ஒரு விலங்காக எடுத்துக்கொள்வோம், அந்த விலங்குக்கு ஒரு ஆசனம், அதோடு சேர்த்து ஒரு மந்திரம் என்றார். எலியில் தொடங்கி வரிசையாகப் போவதாகத் திட்டம். பிறந்த ஆண்டைச் சொன்னால் அவரவர் விலங்கையும் சொல்வதாகச் சொன்னார்.

என் பக்கத்துப் பாயில் எப்போதும் இருப்பவள் மன்னார்க்காரி, என் சிநேகிதி. அவளுக்குக் குரங்கு வந்தது. "அதை நீங்கள் சொல்லத் தேவையில்லை ரீச்சர், என்ர மனுசன் கட்டின நாளில இருந்து சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்" என்று அவள் தமிழிலேயே சொன்னாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்தது என் முறை. ஆண்டைச் சொன்னேன். பாம்பு.

வரப்போவதும் பாம்பு வருடம் என்பதால்தான் அந்தக் கைதட்டல். கைதட்டல் அடங்கியதும் ரீச்சர் மெல்ல இன்னொன்றைச் சொன்னார். சொந்த விலங்கின் வருடம் வந்தால் சீனர்கள் கொஞ்சம் கவனமாக இருப்பார்களாம். அந்த வருடத்துக்குரிய தெய்வத்தின் பார்வை நேராக அவர்கள் மேல் விழுமாம். அதற்குச் சிவப்பு அணியவேண்டும். கயிறு, பட்டி, உள்ளாடை, எதுவானாலும் சரி. ஆனால் நாமே வாங்கிப் போட்டால் பலிக்காது, வேண்டியவர் ஒருவர் தரவேண்டும். "சும்மா ஒரு வழக்கம்தான்" என்று ரீச்சர் சிரித்துக்கொண்டு முடித்தார்.

சும்மாவா? பார்வை என்ற சொல் காதில் விழுந்ததுமே எனக்கு அது சனியின் பார்வையாகிவிட்டது. ஏழரைச் சனியைச் சீன மொழியில் சொல்கிறார் என்றுதான் என் தலை எடுத்துக்கொண்டது. போதாக்குறைக்கு நான் பிறந்த விசுவாவசு வருடமும் அறுபது ஆண்டு சுற்றிவிட்டுச் சித்திரையில் திரும்பி வரப்போகிறது. உலகத்தில் உள்ள பஞ்சாங்கங்கள் எல்லாம் கூடிப் பேசி என்னை வளைத்துவிட்டதாக எனக்குப் பட்டது.

சிரிப்பீர்கள் என்று தெரியும். சிரியுங்கள், பரவாயில்லை. இதை எழுதும்போது குதிரை வருடம் நடக்கிறது, உயிரோடு இருந்துதான் எழுதுகிறேன். ஆனால் அன்று எனக்குச் சிரிக்க முடியவில்லை. ஏனென்றால் வீட்டில் ஏற்கனவே வேறொரு பாம்பு என் தலைக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்தது.

என் மகன் ஒரு பெண்ணை விரும்பியிருந்தான். எங்கள் ஆட்கள்தான். யாழ்ப்பாணத்துத் தாய் தகப்பன், இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளை, கவுன்சிலில் நல்ல வேலை. முதல் தடவை வீட்டுக்கு வந்தபோது நான் சுட்ட தோசையை ருசித்துச் சாப்பிட்டுவிட்டு, தட்டைத் தானே கழுவி வைத்தாள். சம்பல் எப்படி அரைத்தேன் என்று கேட்டாள், கேட்டதோடு நிற்காமல் போனில் எழுதியும் கொண்டாள். அவள் போன பிறகு நான் மனதுக்குள் நகைக்கடைக்கே போய்விட்டேன். அத்தோடு நின்றிருக்கலாம். "ஒரு சம்பிரதாயத்துக்கு" என்று சொல்லி அவளுடைய குறிப்பை, அதாவது சாதகத்தை, கேட்டு வாங்கி அப்டன் பார்க்கில் இருக்கும் சாத்திரியாரிடம் கொண்டுபோனேன்.

சாத்திரியார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "ஆயிலியம்" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "பெடியனுக்கு ஒண்டுமில்லை. தகப்பனுக்கும் ஒண்டுமில்லை. உங்களுக்குத்தான்..." என்று இழுத்துவிட்டு, மிச்சத்தைச் சொல்லாமல் தேத்தண்ணீரை எடுத்துக் குடித்தார்.

ஆயிலிய நட்சத்திரத்தில் பிறந்த பெண் மருமகளாக வந்தால் மாமியாரின் உயிருக்கு ஆகாது என்று எங்கள் ஆட்களிடம் ஒரு நம்பிக்கை இருக்கிறது. அந்த நட்சத்திரத்துக்குத் தேவதை பாம்பு. இந்தக் கதையையெல்லாம் நான் அறியாதவளா? செவ்வாய் தோசம் என்று ஒரு பிள்ளையைத் தட்டிக்கழித்த குடும்பத்தை, ஒரு பிறந்தநாள் விழாவில் வைத்து, "லண்டனுக்கு வந்தும் நீங்கள் திருந்தேல்லையோ?" என்று எல்லாருக்கும் கேட்கக் கேட்டவள் நான். அந்த வீரமெல்லாம் மற்ற வீட்டு மருமக்களுக்கு. என் உயிர் என்று வந்ததும் முதுகு வியர்த்துவிட்டது.

வீட்டுக்கு வந்து என் கணவரிடம் சொன்னேன். அவர் ரீவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"மூல நட்சத்திரமெண்டால் நான் யோசிக்கவேணும், அது மாமனுக்கு. ஆயிலியம் உம்மட டிப்பார்ட்மெண்ட்" என்றார்.

"நான் செத்தால் உங்களுக்குச் சோறு ஆர் தருவினம்?"

"அந்தப் பிள்ளை சம்பல் அரைக்கப் பழகியிட்டுது எண்டு நீர்தானே சொன்னனீர்?"

இப்படி ஒரு மனுசன்.

மகனிடம் நான் உயிர்ப்பயத்தைப் பற்றிப் பேசவில்லை. பொருத்தம் சரியில்லை, கொஞ்சக் காலம் பொறுத்துப் பார்ப்போம் என்று மட்டும் சொன்னேன். அவன் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன், அந்தளவில் அது முடிந்திருக்கும்.

"பயமெண்டால் பயமெண்டு சொல்லுங்கோ அம்மா. பொருத்தம் எண்டு சொல்லாதேங்கோ" என்றான். "நாங்கள் கோடையில ரெஜிஸ்டர் பண்ணப்போறம். நீங்கள் வந்தால் சந்தோசம். வராட்டில் அதையும் விளங்கிக்கொள்ளுவம்."

அடுத்த நாள் ஒரு பையோடு சவுத்தாலில் இருக்கும் நண்பனின் அறைக்குப் போய்விட்டான். தகப்பனோடு போனில் கதைப்பான். எனக்கு "ஓம்", "சரி", "சாப்பிட்டன்" என்று ஒற்றைச் சொல்லில் மெசேஜ் வரும். யோசித்துப் பார்த்தால் எனக்கு இரண்டு பயம். இவள் வந்தால் நான் போய்விடுவேன். இவள் வராவிட்டால் அவன் போய்விடுவான். அவன் போய்விடுவான் என்ற பயம்தான் நெஞ்சில் கல்லாய்க் கிடந்தது, ஆனால் மற்றப் பயத்தைக் கைவிடவும் எனக்குத் தெரியவில்லை. அந்த நிலையில் இருந்தவளிடம்தான் ரீச்சர் வந்து நீங்கள் பாம்பு, இது பாம்பு வருடம், கவனம் என்றார்.

வகுப்பு தொடர்ந்தது. எலிக்கு நெற்றி தரையில் பட மடங்கிக் கிடந்தோம். எருதுக்கு நாலு காலில் நின்று முதுகைத் தாழ்த்தி உயர்த்தினோம். புலிக்கு ஒரு காலைப் பின்னால் தூக்கவேண்டும், மன்னார்க்காரி தூக்கிய வேகத்தில் பின்னால் இருந்த பெண்ணின் தண்ணீர்ப் போத்தல் உருண்டது. மந்திரத்தை மட்டும் ரீச்சர் எங்களிடமே விட்டுவிட்டார். உங்கள் விலங்குக்கு உங்கள் ஊர் மந்திரம் ஒன்றை நீங்களே தெரிவு செய்யுங்கள், மூச்சு உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் மனதில் சொல்லுங்கள் என்றார். மன்னார்க்காரி "மரியே வாழ்க" என்று சொன்னாள். நான் சிறுவயதிலிருந்து சொல்லி வந்த "சிவாயநம" என்பதையே எடுத்துக்கொண்டேன்.

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. வருடம் பாம்புடையது என்பதால் எந்த விலங்கின் கிழமையானாலும் வகுப்பைப் புஜங்காசனத்தில் முடிப்பார் ரீச்சர். குப்புறப் படுத்து, உள்ளங்கைகளை ஊன்றி, பாம்பு படம் எடுப்பதுபோல நெஞ்சை நிமிர்த்தவேண்டும். வருடக்கணக்காகச் செய்த ஆசனம்தான். இப்போது குப்புறப் படுத்ததுமே எனக்கு நெஞ்சு படபடக்கும். பாம்பு வருடத்தில், பாம்பாய்ப் பிறந்தவள், பாம்பு மருமகள் வாசலில் நிற்கும்போது, படமெடுத்து ஆடினால் அந்தத் தெய்வத்தின் கண்ணில் நானே போய் விழுந்ததாகிவிடாதா? அதனால் ரீச்சர் "இனிப் பாம்பு" என்று சொல்லும்போதெல்லாம் நான் எழுந்து ரொய்லட்டுக்குப் போய்விடுவேன். அங்கே கையைக் கழுவிக்கொண்டு நிற்பேன்.

மன்னார்க்காரிக்கு என் விசயம் முழுவதும் தெரியும். மூன்றாவது தடவை நான் எழுந்தபோது என் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, உங்கட சாமி பாம்பைக் கழுத்தில கட்டிக்கொண்டு திரியிறார். அவர்ர பேரைத்தானே இவ்வளவு நேரமும் சொன்னனீங்கள்? நீங்கள் என்னெண்டால் ஒரு பொம்பிளைப் பிள்ளைக்குப் பயந்து ரொய்லட்டுக்க போய் ஒளிக்கிறியள்."

"அவர் ஒருத்தருக்கும் மாமியில்லை, விடும் காலை" என்று சொல்லிவிட்டுப் போனேன்.

இவ்வளவு ஆன பிறகு பரிகாரம் செய்யாமல் இருப்பேனா? கோயிலுக்குப் போய் நாகதம்பிரானுக்குப் பாலும் பழமும் வைத்தேன். அருச்சனைத் தட்டை வாங்கிய ஐயர் பேர், நட்சத்திரம் எல்லாம் கேட்டுவிட்டு, என்ன வேண்டுதல் என்று கேட்டார்.

"ஐயா, இது சீன வருசத்துக்கு."

"எந்த வருசத்துக்கு?"

"சீன வருசம். பாம்பு வருசம். நான் பிறந்ததும் பாம்பிலதான். பார்வை நேர விழுதாம்."

ஐயர் தட்டைக் கீழே வைத்தார். "அம்மா, அதுக்குச் சங்கற்பம் எங்கட்ட இல்லை. பாலை வைச்சிட்டுப் போங்கோ, அவர் பார்த்துக்கொள்ளுவார்" என்றார். எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் ஆளையாள் பார்த்துக்கொண்டார்கள். நான் தலையை நிமிர்த்திக்கொண்டுதான் வெளியே வந்தேன்.

சிவப்பு விசயத்தையும் கணவரிடம் சொல்லிப் பார்த்தேன். வேண்டியவர் தரவேண்டும், நீங்கள் ஏதாவது ஒரு சிவப்புச் சாமான் வாங்கித் தாருங்கள் என்று வாயைத் திறந்தே கேட்டேன். மனுசன் வாசலுக்குப் போய், தபால்காரன் கடிதக் கட்டை அவிழ்த்துப் போட்டுவிட்டுப்போன சிவப்பு ரப்பர் பட்டியைப் பொறுக்கி வந்து என் மணிக்கட்டில் மாட்டிவிட்டார். "சிவப்பு. நான் தந்தது. சரியோ?" என்றார். பின்னேரம் பாத்திரம் கழுவும்போது அது அறுந்துபோனது. சிரிக்கவேண்டிய இடம் என்று இப்போது தெரிகிறது, அப்போது குசினிக்குள் நின்று அழுதேன்.

அந்தக் கிழமை மகன் கார் இன்சூரன்ஸ் பற்றி ஏதோ கேட்கப் போன் எடுத்தான். தகப்பன் குளித்துக்கொண்டிருந்தபடியால் போன் என் கையில் அகப்பட்டது. எப்படி இருக்கிறீர்கள் என்று ஒரு மரியாதைக்குக் கேட்டான். அவ்வளவுதான், எனக்கு உடைத்துக்கொண்டு வந்துவிட்டது.

"இருக்கிறன் தம்பி. இந்த வருசம் முடியுமட்டும் இருந்தால் பார்ப்பம்."

"என்னம்மா, சுகமில்லையோ?" குரல் உடனே மாறியது.

அந்தக் குரல் மாறியதில் எனக்கு எவ்வளவு நிம்மதி என்று சொல்லமுடியாது. எல்லாவற்றையும் கொட்டினேன். சாத்திரியார் சொல்லாமல் விட்டதை, பாம்பு வருடத்தை, ரொய்லட்டில் நிற்பதை, ஐயரை, அறுந்த ரப்பர் பட்டியை. "சிவப்பை வேற ஆள் தந்தால்தான் பலிக்குமாம். எனக்கு ஆர் தரப்போகினம், சொல்லு பார்ப்பம்?" என்று கேட்டேன். மறுபக்கத்தில் ஒரு மாதத்துக்கு மேலாக நான் கேட்காத சிரிப்பு கேட்டது. "அம்மா, எங்கட சாத்திரம் காணாதெண்டு சீனச் சாத்திரமும் தொடங்கியிட்டீங்களோ?" என்றான். எனக்குக் கோபம் வந்து போனை வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான், ஆயிலியத்துக்குப் பயம் என்று முதல்முறையாக அவனிடம் வாய்விட்டுச் சொல்லிவிட்டது உறைத்தது.

பாம்புக் கிழமை வந்தது. வெளியே மழை. அன்று ரொய்லட்டுக்கு ஓடினாலும் தப்ப வழியில்லை, வகுப்பு முழுவதும் பாம்புதான். போகாமல் விடுவோமா என்று யோசித்தேன். வீட்டில் இருந்தால் கணவர் கிண்டலடிப்பார், அதற்கு வகுப்பே மேல் என்று போய்ப் பாயை விரித்தேன். ரீச்சர் தொடங்குவதற்குள் மண்டபத்தின் கதவு திறந்தது. கோட்டில் மழைநீர் சொட்டச் சொட்ட, ஒரு காகிதப் பையோடு அந்தப் பிள்ளை நின்றாள்.

"அக்கா, உங்கட ஆயிலியம்" என்று மன்னார்க்காரி என் காதுக்குள் ஊதினாள்.

நான் எழுந்து கதவடிக்குப் போனேன்.

"சொறி அன்ரி, உங்கட கிளாஸைக் குழப்ப வரேல்லை. இதைத் தந்திட்டுப் போறன்" என்று பையை நீட்டினாள்.

உள்ளே ஒரு சோடி மேஸ். இங்குள்ள பிள்ளைகள் சொக்ஸ் என்பார்கள், எங்களுக்கு அது மேஸ்தான். தடித்த கம்பளி, நல்ல இரத்தச் சிவப்பு.

"வேற ஆள் தரவேணும் எண்டு அவர் சொன்னவர். கயிறு வாங்கத்தான் பார்த்தனான். பிறகு, கிளாஸில படுக்கேக்க உங்களுக்குக் கால் குளிரும் எண்டு நினைச்சன்."

"நீ ஏன் பிள்ளை தாறாய்?" என்று கேட்டேன். கொஞ்சம் கடுமையாகத்தான் வந்தது.

அவள் என் முகத்தை நேரே பார்த்தாள். "உங்களுக்கு என்னாலதானே பயம், அன்ரி. அப்ப நான்தானே தரவேணும்."

அவள் இன்னும் மெதுவாகச் சொன்னாள். "எங்கட அம்மா என்ர ஸ்டாருக்காக எத்தினையோ வீட்டில சொறி சொல்லியிட்டா. எனக்கு அதைப் பார்க்க ஏலாது. நான் ஒருத்தருக்கும் ஒண்டும் செய்யேல்லை அன்ரி."

அழவில்லை அவள். அழுதிருந்தால் நான் அணைத்து ஆறுதல் சொல்லிப் பெரிய மனுசியாகத் தப்பியிருப்பேன். பையைப் பிடித்தபடி நின்றேன். செவ்வாய் தோசக்காரரைப் பிறந்தநாள் விழாவில் வைத்து விளாசியபோது நான் நினைத்தது இப்படி ஒரு பிள்ளையைத்தானே என்று தோன்றியது. வெட்கமாக இருந்தது. அவள் போகத் திரும்பினாள்.

"வாங்க, உட்காருங்க!" என்று உள்ளேயிருந்து ரீச்சரின் தமிழ் கேட்டது. ஐம்பது கடந்தவர்களின் வகுப்பு என்பதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டில்லை. மழையில் வந்த பிள்ளையைத் திருப்பி அனுப்பக்கூடாது என்று சொல்லி, உபரிப் பாய் ஒன்றை எடுத்து என் பாய்க்குப் பக்கத்தில் போட்டார். வழக்கப்படி, பிறந்த ஆண்டையும் கேட்டார்.

அவள் சொன்னாள். ரீச்சரின் சிரிப்பு பாதியில் நின்றது. என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், "சரி, சரி, தொடங்குவோம்" என்றார். நான் விடுகிறவளா?

"என்ன விலங்கு?"

"பன்றி" என்றார் ரீச்சர்.

"பாம்புக்கும் பன்றிக்கும் என்ன?"

"ஒன்றுமில்லை."

"ரீச்சர், சொல்லுங்கள். எனக்கு ஏற்கனவே எல்லாம் நடந்துவிட்டது."

ரீச்சர் பெருமூச்சு விட்டார். சக்கரத்தில் பாம்புக்கு நேர் எதிரே இருப்பது பன்றி என்றார். இரண்டுக்கும் ஒத்துவராதாம். பழைய ஆட்கள் இந்த இரண்டையும் ஒரு வீட்டில் சேர்க்க யோசிப்பார்களாம்.

அந்தப் பிள்ளை கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். தமிழில் பார்த்தால் அவள் பாம்பு, என்னைக் கொத்த வருகிறாள். சீனத்தில் பார்த்தால் நான் பாம்பு, அவள் எனக்கு எதிரி. இந்தப் பக்கம் போனாலும் அடி, அந்தப் பக்கம் போனாலும் அடி. பாவம், ஒரு சோடி மேஸோடு வந்த பிள்ளை.

"ஆனால் நான் புலி" என்றார் ரீச்சர் திடீரென்று. "என் மாமியார் குரங்கு. அதுவும் நேர் எதிர்தான். எங்கள் கலியாணத்தன்று என் மாமியாரின் தங்கைமார் வரிசையாக நின்று அழுதார்கள், அக்கா இனிப் பிழைக்கமாட்டாள் என்று."

"பிறகு?" என்று கேட்டது மன்னார்க்காரி. தானும் குரங்கு என்பதால் அவளுக்கு அக்கறை.

"தொண்ணூறு தாண்டிவிட்டது. என் வீட்டில்தான் இருக்கிறார். இன்று காலையும் நான் வைத்த சூப்பில் உப்பு இல்லை என்றார்."

எனக்கு எங்கிருந்து அந்தச் சிரிப்பு வந்தது என்று தெரியாது. வயிற்றிலிருந்து குபீரென்று கிளம்பி வந்தது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை, பாயில் அப்படியே சரிந்துவிட்டேன். மன்னார்க்காரி தொடங்கினாள், பிறகு எல்லாரும். அந்தப் பிள்ளை ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள், நான் கண்ணீர் வழியச் சிரிப்பதைக் கண்டு அவளும் சிரித்தாள். மாதக்கணக்காக நெஞ்சில் ஏற்றி வைத்திருந்த பாரம் ஒவ்வொரு சிரிப்புக்கும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. அப்பாடா என்று இருந்தது. வானத்திலுள்ள எல்லாமே வேண்டாம் என்று சொல்லிவிட்டால் பிறகு யாரிடம் போய்க் கேட்பது? இனி நானும் இவளும்தான் பேசி முடிக்கவேண்டும்.

"இனிப் பாம்பு" என்றார் ரீச்சர்.

குப்புறப் படுத்தேன். உள்ளங்கைகளை ஊன்றினேன். பக்கத்தில் அவளும் என்னைப் பார்த்துப் பார்த்து ஊன்றினாள், முழங்கை வெளியே போனது, உள்ளே எடு என்று கண்ணால் காட்டினேன். மூச்சை இழுத்து "சிவாயநம" என்று மனதுக்குள் சொல்லி நெஞ்சை நிமிர்த்தினேன். முதுகு கொஞ்சம் முறுமுறுத்தது. வேறொன்றும் நடக்கவில்லை. எந்தத் தெய்வம் பார்த்ததோ தெரியாது, பார்த்திருந்தால் நன்றாகப் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தேன். மூச்சு அடிவயிறு வரைக்கும் போய் வந்தது. அப்படி மூச்சு விட்டு எவ்வளவு காலமாகியிருந்தது.

கடைசியில், பன்றியும் வந்திருக்கிறபடியால் அதற்கும் ஒரு ஆசனம் என்றார் ரீச்சர். யோகாவில் பன்றிக்கென்று எதுவும் தனக்குத் தெரியாது, எனவே அதற்குச் சும்மா மல்லாந்து கிடப்பதுதான் என்றார். சவாசனத்துக்கு அவர் வைத்த புதுப் பெயர் அது. தரை குளிர்ந்தபடியால் எல்லாரும் காலுக்கு எதையாவது தேடினார்கள். நான் பைக்குள் கைவிட்டுச் சிவப்பு மேஸை எடுத்துப் போட்டுக்கொண்டேன். கம்பளி கணுக்காலைச் சூடாகப் பிடித்துக்கொண்டது. மல்லாந்து படுத்தேன். பக்கத்தில் அவள் படுத்திருந்தாள். ரீச்சர் விளக்கைக் குறைத்தார்.

"சைஸ் சரியோ, அன்ரி?" என்று அவள் குசுகுசுத்தாள்.

"சரிதான். இனி என்னை அன்ரி எண்டு கூப்பிடாதை."

அவளுடைய மூச்சு நின்றது எனக்குக் கேட்டது.

"மாமி எண்டு கூப்பிடு" என்றேன்.

மாமி என்றால் எங்களுக்கு மாமியார். ஆயிலியத்துக்கும் அந்தச் சொல்லுக்கும் என்ன பகை என்பதெல்லாம் அவளுக்கும் தெரியும்.

"உங்களுக்குப் பயமில்லையோ?"

"ஏன் இல்லை? இருக்கு. அதுக்குத்தானே நீ மேஸ் தந்திருக்கிறாய்."

அவள் தலையைத் திருப்பி என்னைப் பார்ப்பது தெரிந்தது. நான் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தேன், பார்த்தால் அழுதுவிடுவேன். கோடையில் உடுக்கச் சேலை எடுக்கவேண்டும், சிவப்பில், அவளுடைய தாயையும் கூட்டிக்கொண்டு போகவேண்டும், இந்தப் பெடியனைச் சவுத்தாலிலிருந்து இன்றைக்கே சாப்பாட்டுக்குக் கூப்பிடவேண்டும் என்று எனக்கு வாய் ஓயவில்லை. எல்லாவற்றையும் குசுகுசுவென்று சொல்லிக்கொண்டே போனேன்.

இருட்டில் ஒரு குளிர்ந்த கை என் கையைத் தேடிப் பிடித்தது.

"மாமி" என்றாள். "ரீச்சர் பார்க்கிறா. கதைக்காமல் படுங்கோ."